கேட்டால் சொல்லிவிடுகிறவள்

எங்கள் பக்கத்தில் அக்காவிடம் மணி கேட்கக் கூடாது என்று சொல்வார்கள். கேட்டால் மணியைச் சொல்வாள். அந்தக் கடிகாரம் கொஞ்சம் முந்தி ஓடுகிறது என்பதையும் சொல்வாள். அதைக் கெல்ப்பிலிருந்து, அதாவது வளைகுடா நாட்டிலிருந்து, கொண்டுவந்து கொடுத்தவர் யார், அவருடைய மகளுக்கு இப்போது எத்தனையாவது மாசம் என்பதும் கூடவே வரும். அதற்குள் கேட்டவருடைய பஸ் போயிருக்கும். பல நாள் அந்த பஸ்ஸில் கண்டக்டராக இருந்தது நான்தான். உதியன்குளங்கரையில் அவள் படிக்கட்டில் ஒரு காலும் ரோட்டில் ஒரு காலுமாக நின்று யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருப்பாள். நான் பெல் அடிக்காமல் காத்திருப்பேன். டிரைவர் கண்ணாடியில் என்னை முறைப்பார்.

"வழி கேட்டவனை நடுரோட்டில விட்டுட்டு வர ஒக்குமா பிள்ளே?" என்று ஏறி உட்கார்ந்ததும் என்னிடம் கேட்பாள். நான் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பேன். எந்தக் கேள்விக்கும் அவளிடம் எப்போதும் பதில் இருந்தது.

நான் எல்லையில் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் பிறந்து, கல்யாணமாகிக் கேரளத்துக் குன்னத்துகால் வந்தவள். வந்த முதல் வாரம் மதில்மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு முதலில் பேசியவள் பக்கத்து வீட்டு அக்கா. பைப்பில் தண்ணீர் எப்போது வரும் என்று மட்டும் கேட்டேன். தண்ணீரில் தொடங்கி, யார் வீட்டு நாய் கடிக்கும், யார் வீட்டு நாய் குரைக்க மட்டும் செய்யும், எந்தக் கடையில் மீன் ஐஸ் போட்டது, என் மாமியார் எப்போது கோபப்படுவாள் என்பது வரைக்கும் சொல்லி முடித்தாள். அதில் ஒன்றுகூடத் தவறாக இருக்கவில்லை என்பதைப் போகப்போகத்தான் தெரிந்துகொண்டேன்.

பால் சொசைட்டியில் அவளுக்கு வேலை. காலையிலும் சாயங்காலமும் பால் ஊற்ற வருகிறவர்களிடம் அளந்து வாங்க வேண்டும். தமிழில் கேட்டால் தமிழ், மலையாளத்தில் கேட்டால் மலையாளம். பேச்சு நடுவழியில் மாறினால் அவளும் மாறிக்கொள்வாள். ஒருநாள் மதிலுக்கு அந்தப் பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர்கள் யாரோ என்று நினைத்தேன்.

"ஆரு அக்கா?"

"தெரியேல்ல. லோன் வேணுமான்னு கேட்ட பிள்ள. வேண்டாம்னு சொன்னேன். ஏன் வேண்டாம்னு கேட்டுது. பின்ன சொல்லண்டாமா? அதுக்கு நல்ல ஜலதோஷம் கேட்டியா. நாள் முழுக்க பேசணுமாம். சுக்கு போட்டு குடிக்கச் சொன்னேன்."

சிரிக்கிற மாதிரி இல்லாத சங்கதிகளும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்தவர்கள் நேரே சொசைட்டியில் வந்து நின்றார்கள். குட்டி எப்படி, சுகக்கேடு ஏதும் உண்டா என்று கேட்டார்கள். நல்ல குட்டி, நல்லாப் படிக்கும், சின்னதில் இழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது, பிறகு வரவில்லை என்று அக்கா சொன்னாள். வரன் போய்விட்டது. அந்தப் பெண்ணின் அம்மா சொசைட்டி வாசலில் நின்று கத்திய கத்தலை நான் பஸ்ஸில் இருந்தே கேட்டேன். அன்றிலிருந்து அவர்கள் வீட்டுப் பால் அந்த சொசைட்டிக்கு வரவில்லை.

"இப்பிடி ஒக்க சொல்லலாமா அக்கா?" என்று நானும் கேட்டேன்.

"கேட்டது அவிய. நானா போய் சொல்லேல்ல. கேட்ட பெறவு மறைச்சா அது சதி ஆக்கும்."

முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் திரும்பக் கேட்டால் திரும்பவும் சொல்லிவிடுவாள் என்பதும் அதே முகத்தில் இருந்தது. எனக்கு அவளைப் பிடிக்கும். அவள் பக்கத்தில் நிற்கும்போது கொஞ்சம் பயமும் உண்டு. என் வீட்டுச் சங்கதிகளை அவள் காதுபட நான் பேசுவதில்லை.

ஒரு மழை மத்தியானம், எனக்கு ஓய்வு நாள். அவள் சொசைட்டியில் கேன்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா போய் உட்கார்ந்திருந்தேன். எதுவும் கேட்கவில்லை. யாரும் கேட்காமல் அவள் தானாகச் சொன்ன ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

அவளுடைய வீட்டுக்காரர் கெல்ப்பில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். மகன் பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலம். ஒருநாள் அவரோடு அறையில் இருந்த ஒருவர் கூப்பிட்டு, அண்ணனுக்குக் கொஞ்சம் சுகமில்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பிறகு அந்த நம்பரை அவர் எடுக்கவில்லை. கம்பெனிக்குக் கூப்பிட்டாள். ஆளை அனுப்பிய ஏஜென்டைக் கூப்பிட்டாள். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரையும் கூப்பிட்டாள். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். ஸார் சீட்டில் இல்லை என்றார்கள். சிலர் எடுத்துவிட்டு மூச்சு மட்டும் விட்டார்கள்.

"அவியளுக்கு ஒக்க தெரியும் பிள்ளே. மரிச்ச அன்னைக்கே தெரியும். சொல்லத்தான் ஆருக்கும் மனசு வரேல்ல. நான் கறி வச்சேன், பிள்ளய பள்ளிக்கூடம் அனுப்பினேன், அந்திக்கு முழங்கால் போட்டு, அவருக்கு சொகம் தரணும் கர்த்தாவேன்னு கேட்டேன். மரிச்ச மனுஷனுக்கு சொகம் கேட்டு ஜெபம் பண்ணியிருக்கேனாக்கும். பெட்டி வருதுன்னு சொன்னப்பதான் எனக்குத் தெரிஞ்சுது."

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து அடுத்த கேனைக் கவிழ்த்தாள். மணி கேட்டாலும் முழுதாகப் பதில் சொல்லி அனுப்புகிற அவளை அதற்குப் பிறகு நான் கேலி செய்ததில்லை.

மகன் ரெஜின் அவளுக்கு நேர் எதிர். பேச மாட்டான். கேட்டால் சிரிப்பான், அதிகம் கேட்டால் பந்தை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அந்தப் பந்து அவனைப் பாறசாலைப் பள்ளி மைதானத்திலிருந்து ஜில்லாவுக்கும், அங்கிருந்து ஸ்டேட்டுக்கும், பிறகு டிவியில் காட்டுகிற பெரிய கிளப்புக்கும் கொண்டுபோனது. அவன் கோல் அடிக்கிற நாளில் எங்கள் பஸ்ஸில் யாரும் சில்லறைக்குச் சண்டை போடமாட்டார்கள். நாட்டின் அணிக்கு ஆள் எடுக்கிற பயிற்சி முகாமுக்கு அவனைக் கூப்பிட்டபோது சபையில் பாயசம் கொடுத்தார்கள். கோயில் கமிட்டிக்காரர்கள் அவன் பேரில் சாமிக்கு வெடி போட்டு வழிபாடு நடத்தினார்கள். இதில் இரண்டு பக்கமும் போட்டி போட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். சந்தோஷம் உண்மையானதுதான்.

முகாம் திருவனந்தபுரத்தில் நடந்தது. ஒரு காலைப் பயிற்சியில் எதிரே வந்தவனின் கால் கணுக்காலில் பட்டதில் ரெஜின் சரிந்துவிட்டான். யாரோ கேலரியில் இருந்து போனில் படம் எடுத்திருக்கிறார்கள். புல்லில் கிடந்து இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளிக்கிறான், ஸ்ட்ரெச்சர் வருகிறது. அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பில் ஒன்றும் இல்லை, நரம்பு சுளுக்கிக்கொண்டது, சில வாரம் ஓய்வெடுத்தால் ஓடலாம் என்று சொல்லியிருக்கிறார். அணி தங்கியிருந்த ஓட்டல் வாசலில் கூட்டம் நின்றதால் காலில் கட்டோடு வீட்டுக்குப் போய் இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் படம் அவனுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்திருந்தது.

அவன் வந்து சேர்ந்த மறுநாள் மத்தியானம் என் பஸ் உதியன்குளங்கரை தாண்டி உள்ளே திரும்பியதும் நின்றுவிட்டது. முன்னால் தலையில் பெரிய தட்டு வைத்த ஒரு டிவி வேன், அதற்கு முன்னால் இன்னொன்று, அதற்கும் முன்னால் கார்கள். எங்கள் ரோட்டில் ஒரு லாரி வந்தாலே எதிரில் வருகிறவன் பின்னால் போக வேண்டும். பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள். பாதிப் பேர் திரும்பி வரவே இல்லை. டிரைவர் பீடி பற்ற வைத்தார். நான் காலி பஸ்ஸில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். ஒரு டாக்டர் கணுக்கால் எலும்பைப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டங்களில் மூன்று பேர் ஒரே சமயத்தில் பேசினார்கள். கீழே எழுத்து ஓடியது: ரெஜின் இனி ஆடுவாரா? நாடு காத்திருக்கிறது. நாங்களும் காத்திருந்தோம், அந்த வேன் நகர்வதற்காக.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது எங்கள் மதில்மேல் ஒரு ஆள் கேமராவோடு ஏறி நின்றான். ரெஜின் உள்ளறையில் காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தான். வெளியே யாரிடமும் பேசக் கூடாது என்று கிளப்பிலிருந்து சொல்லியிருந்தார்கள். அவனிடம்தான் சொல்லியிருந்தார்கள். அவன் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அக்கா வாசலில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் பால் விடாத கட்டன் சாயா கிளாஸ்கள் அடுக்கிய தட்டு.

"ராத்திரி தூங்கினாரா?" என்று தமிழ்ச் சேனல்காரர் கேட்டார்.

"உறங்கேல்ல. சின்னதிலயே அவனுக்கு அப்பிடித்தான். காய்ச்சல் வந்தாலும் உறங்கமாட்டான்."

"அழுதாரா?"

"வேதனை இருந்தா அழாம இருப்பானா? கொச்சு பிள்ளதானே. அவன் அழுதா எனக்கும் வரும்."

"அவங்க அப்பா?"

அதையும் சொன்னாள்.

நான் உள்ளே போய் டிவியைப் போட்டேன். தூக்கமில்லை, காய்ச்சல் என்று எழுத்து ஓடியது. கண்ணீரில் தாய் என்று ஓடியது. அவள் கண்ணில் கண்ணீர் இல்லை. சாயா ஆவி பட்டு முகம் வியர்த்திருந்தது, அவ்வளவுதான். செத்துப்போன மனிதரின் கல்யாணப் போட்டோவைச் சுவரில் இருந்து எப்படியோ படம் பிடித்து, பின்னால் வயலின் வாசித்துக் காட்டினார்கள்.

மறுநாள் உதியன்குளங்கரை முக்கில் ரசிகர்கள் ஒரு பிளெக்ஸ் வைத்தார்கள். ரெஜினுடைய முகம் ஒரு மாடி உயரத்துக்கு, கீழே 'திரும்பி வா'. எங்கள் ஊரில் ஒருவர் படத்தை அவ்வளவு பெரிதாக வைப்பது அவர் தேர்தலில் நிற்கும்போது, இல்லையென்றால் செத்துப்போகும்போது. ஒற்றசேகரமங்கலத்திலிருந்து அக்காவின் சித்தி பஸ்ஸில் வருகிற வழியில் அதைப் பார்த்திருக்கிறாள். வழியில் தன் மகள் வீட்டில் இறங்கி, வெள்ளைச் சேலை மாற்றிக்கொண்டு, ஒப்பாரியோடு வந்து சேர்ந்தாள். கேமராக்கள் அத்தனையும் அவள் பக்கம் திரும்பின.

"சாவேல்ல சித்தி, கால் சுளுக்குதான். உள்ள இருக்கான், போய் பாருங்க" என்று அக்கா அவளைப் பிடித்து உள்ளே தள்ளினாள். அதற்குள் ஒப்பாரி நேரலையில் போய்விட்டது. முகாமில் இருந்து, கொல்கத்தாவில் இருந்து, எங்கெங்கோ இருந்து ரெஜினுக்குப் போன் வந்தது. அவன் உயிரோடு இருப்பதாக ஒவ்வொருவருக்கும் சொல்லவேண்டியிருந்தது.

இதெல்லாம் சிரித்துக் கடந்திருக்கக்கூடியது. அடுத்து நடந்ததைச் சிரிக்க முடியவில்லை.

ரெஜினுக்கு வடக்கே இன்னும் பெரிய கிளப் ஒன்றோடு ஒப்பந்தம் முடிகிற நிலையில் இருந்தது. கையெழுத்துதான் பாக்கி என்று அவனே என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தான். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு நாளாக வேன்கள் அடைத்து நின்றதால் ஆட்டோ வெளியே எடுக்க முடியவில்லை. சும்மா இருக்கிறவர் சும்மா படுத்திருக்கிறவனோடு காரம்ஸ் ஆடலாம் என்று போர்டைத் தூக்கிக்கொண்டு போனார். கட்டில்மேல் போர்டை வைத்து மத்தியானம் முழுக்க ஆடினார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். அவன் வீட்டுக்கு வந்த பிறகு அன்றுதான் முதல்முறையாகச் சத்தமாகச் சிரித்தான். கடைசி ஆட்டத்தில் தோற்றுவிட்டு, "போதும் அண்ணா, கால் கடுக்குது" என்று படுத்துவிட்டான்.

அக்கா காலி கிளாஸ்களோடு வெளியே போனாள். மலையாளச் சேனலில் இருந்து வந்த ஒரு பெண் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். சின்னப் பெண், காலையில் இருந்து வெயிலில் நின்று முகம் கறுத்திருந்தது. ரெஜின் இப்போது என்ன செய்கிறான் என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

"அம்மே, ரெஜின் இப்போ எந்து செய்யுவா?"

"களியொக்கெ கழிஞ்ஞு மோளே. இனி அவன் ஒந்நு கிடக்கட்டெ."

விளையாட்டெல்லாம் முடிந்தது மகளே, இனி அவன் கொஞ்சம் படுக்கட்டும். அதற்கு அவ்வளவுதான் அர்த்தம். போர்டைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னாலேயே வெளியே வந்த என் வீட்டுக்காரரும் அதைக் கேட்டார்.

நான் வீட்டுக்கு வந்து அரிசி களைந்துகொண்டிருக்கும்போது டிவியில் சிவப்பாக ஓடியது. 'களி கழிஞ்ஞு.' கீழே இன்னொரு வரி: ரெஜினின் ஆட்டம் முடிந்தது, உண்மையை வெளியிட்டார் அம்மா. தமிழ்ச் சேனல்கள் அதைத் தமிழில் போட்டன. இங்கிலீஷ் சேனல்கள் இங்கிலீஷில் போட்டன. அக்காவின் முகத்தைப் பெரிதாக்கி, அந்த இரண்டு வார்த்தையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். அவள் 'மோளே' என்று சொல்லும் முன்பே வெட்டிவிட்டார்கள்.

டிவியை அணைத்துவிட்டு ஈரக்கையோடு ஓடினேன். ரெஜின் கட்டிலில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான். மறுபக்கம் அவனுடைய ஏஜென்ட். இல்லை ஸார், அப்படி இல்லை ஸார் என்று சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் ஓகே ஸார் என்று வைத்தான். புது கிளப் கையெழுத்தை நிறுத்தி வைத்துவிட்டது. அவர்களே டாக்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் மற்றது. அம்மாவே சொல்லும்போது நாங்கள் எப்படி நம்புவது என்று கேட்டார்களாம்.

அக்கா அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். கை துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அம்மா, அந்தக் குட்டிகிட்ட என்னத்த சொன்ன?"

"காரம்ஸ் களி முடிஞ்சுன்னு சொன்னேன் மக்கா."

"காரம்ஸ்னு சொன்னியா?"

அக்கா யோசித்தாள். நிஜமாகவே நினைவுபடுத்திப் பார்த்தாள். "காரம்ஸ்னு சொல்லேல்ல. அந்தப் பிள்ள நீ என்ன செய்யியான்னு கேட்டுது, நான்..."

"எனக்க கால ஒடிச்சது எதிர ஆடினவனில்ல. உனக்க வாயாக்கும்."

என் வீட்டுக்காரர், "எலே, அம்மைகிட்ட இப்பிடியா பேசியது?" என்றார். அவன் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்பா செத்ததையும் சொன்ன. நான் அழுததையும் சொன்ன. ஆருகிட்ட ஒக்க சொன்ன! ஏன் சொன்ன?"

"கேட்டாவ. சொன்னேன்."

"கேட்டா சொல்லணுமா?"

அக்கா வாயைத் திறந்தாள். ஏதோ வரப்போகிறது என்று நானும் காத்திருந்தேன். கெல்ப் கதை அவனுக்குத் தெரியுமா, இவள் அவனிடம் அதைச் சொல்லியிருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. அன்று அதைச் சொல்லியிருந்தால் அவனுக்குப் புரிந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். அவள் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு, கட்டிலில் நழுவிக் கிடந்த தலையணையை எடுத்து அவன் காலுக்கடியில் சரியாக வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

மறுநாள் காலை கேட் பக்கம் அவளைப் பார்த்ததும் எல்லோரும் ஓடி வந்தார்கள். மைக்குகள் கம்பிக்குள் நுழைந்தன. அந்தச் சின்னப் பெண்ணும் இருந்தாள். அக்கா பால் சொசைட்டிச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து, அவர்கள் நடுவில் நடந்து போனாள். ஒரு கேள்விக்கும் பதில் இல்லை. வழக்கம் தெரியாத யாரும் அதைச் சாதாரணமாகத்தான் நினைத்திருப்பார்கள். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கேள்வி ஒவ்வொன்றும் அவள் முதுகில் விழ, அவள் தோள் ஒவ்வொரு முறையும் லேசாகத் திரும்பப் பார்த்தது. திரும்பவில்லை.

அதுவும் செய்தியானது. 'தாய் மௌனம்: மறைப்பது என்ன?' அன்று சாயங்காலம் முழுக்க அதைப் பற்றிப் பேசினார்கள். டிவியில் ஒருவர், முந்தைய நாள் அந்த அம்மா அவ்வளவு பேசிவிட்டு இன்று பேசாமல் இருப்பதற்குப் பின்னால் பெரிய அழுத்தம் இருக்கிறது என்றார். அது உண்மைதான். அவருக்குத்தான் எந்த அழுத்தம் என்று தெரியவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் வேன்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. எங்கேயோ ஒரு மந்திரி ராஜினாமா செய்திருந்தார். யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டு போகவில்லை. வாசலில் பேப்பர் கப்புகள் கிடந்தன. என் மாமியார் வளர்த்த வெற்றிலைக் கொடியை யாரோ மிதித்திருந்தார்கள். அக்கா ஒரு சாக்கை எடுத்துவந்து கப்புகளைப் பொறுக்கினாள். நானும் சேர்ந்து பொறுக்கினேன். பொதுவாக நான் வேலை முடிந்து வந்தால் ஒரு வார்த்தையும் கேட்காமல் இருந்தால் போதும் என்றிருக்கும். அன்று அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை.

டாக்டர் சொன்னபடியே ரெஜின் கொஞ்ச நாளில் நடந்தான், பிறகு ஓடினான். அந்த முகாமில் அவன் இடம் வேறு ஒருவருக்குப் போயிருந்தது. புது கிளப் அவனைத் தலை முதல் கால் வரை பரிசோதித்துவிட்டுக் கடைசியில் எடுத்துக்கொண்டது. முதலில் பேசிய ஒப்பந்தத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நான் விவரம் கேட்கவில்லை. அவன் திரும்ப ஆடிய முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தான். அதைப் பற்றிக் கருத்துக் கேட்க எங்கள் ரோட்டுக்கு ஒரு வண்டியும் வரவில்லை.

சொசைட்டியில் அக்கா அதன் பிறகு 'அறியாது' என்று ஒரு வார்த்தை கற்றுக்கொண்டாள். வழி கேட்டால், "அறியாது, கடையில கேளுங்க." மணி கேட்டால் கடிகாரத்தைக் கையால் காட்டினாள். ரெஜின் எப்போ வருவான் என்று கேட்டால் அளவுப் பாத்திரத்தைப் பார்த்தாள். முன்பு அவள் பேச்சைக் கண்டு ஓடியவர்களே, பால் ஊற்றிவிட்டுப் போகாமல் கொஞ்சம் நின்று பார்த்தார்கள். அக்காவுக்குச் சுகமில்லையா என்று என்னிடம் விசாரித்தார்கள். வரன் கலைந்துபோன பெண்ணின் அம்மாகூட ஒருநாள் தன் பாலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பாள் போல. அக்கா அளந்து வாங்கிக்கொண்டாள்.

கொஞ்ச காலம் கழித்து அந்தச் சேனல் பெண் என் பஸ்ஸில் ஏறினாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். டிக்கெட் வாங்கிய பிறகும் நகராமல் நின்றாள். தான் முழுவதையும்தான் அனுப்பியதாகவும், ஆபீசில் இருப்பவர்கள் வெட்டிப் போட்டதாகவும் மலையாளத்தில் சொன்னாள். அவள் திருத்தச் சொல்லிக் கேட்டபோது, இனி அது பழைய செய்தி என்று சொல்லிவிட்டார்களாம். அவள் சொன்னதை நம்பினேன். நம்பி என்ன செய்வது என்று தெரியவில்லை.

"அம்மைக்கு சுகமாணோ சேச்சி?" என்று கேட்டாள்.

சுகம் என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனேன். பஸ் நிறைய ஆள்.

அக்கா இப்போது இங்கே இல்லை. மகனோடு வடக்கே ஒரு நகரத்தில் பன்னிரண்டாவது மாடியோ எதுவோ, அங்கே இருக்கிறாள். அங்கே யாரும் தமிழிலும் கேட்கமாட்டார்கள், மலையாளத்திலும் கேட்கமாட்டார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியை எங்களிடம் கொடுத்திருக்கிறாள். கிறிஸ்துமஸ் முடிந்து அவளைக் கூட்டிப்போக ரெஜின் வந்திருந்தபோது நடந்ததுதான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தாள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சோறும். ரெஜின் நன்றாக இருந்தான். உடம்பு போட்டிருந்தான். பேச்சும் கொஞ்சம் வந்திருந்தது. அந்த ஊர்க் குளிர், உடன் ஆடுகிறவர்கள், சமையல்காரர் சப்பாத்தி சுடுகிற விதம் எல்லாம் சொன்னான். நாங்கள் சிரித்தோம். அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் மீன் எந்தக் கடற்கரையிலிருந்து வந்தது என்பதில் தொடங்கும். அன்று கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அதை அவனும் அப்போதுதான் கவனித்தான் என்று நினைக்கிறேன். கதை சொல்வதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"அம்மா, வந்ததுல இருந்து பாக்கியேன். நீ ஒண்ணும் பேச மாட்டேங்கியா. என்கிட்ட கோவமா?"

அக்கா கறிச்சட்டியைக் கீழே வைத்தாள். போய் ஜன்னலைச் சாத்தினாள். வெளியே யாரும் இல்லை, எங்கள் வீட்டு மதில்தான் இருந்தது. திரும்பி வந்து அவன் பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்தி, சாதாரணமாகக் கேட்டாள்.

"என்ன பேசணும் மக்கா? நீ சொல்லித் தா. நான் அதையே சொல்லியேன்."

அதில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற குரல். என் வீட்டுக்காரர் தண்ணீர் கிளாஸை எடுத்துக் குடித்தார். ரெஜின் பிசைந்த சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். அவன் பதிலுக்காக அவள் நின்றாள், கொஞ்ச நேரம் நன்றாகவே நின்றாள். பிறகு சட்டியை எடுத்து அவன் தட்டில் மீன்கறி ஊற்றினாள்.